வானத்துக்கு மாத்திரம் அனுமதி

உண்மை என்பது கண்ணாடிக்குப் பின்னால்தான் குடியிருக்கிறது என்பதை உலகுக்கு நிரூபித்த பெருமை, பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கின் லொக்வுட் தோட்ட அலுவலகத்தையே சாரும். முனிவர்கள் காட்டுக்குள் நாற்பது வருடம் கண்ணை மூடிக்கொண்டு தேடியதை, லொக்வுட் நிர்வாகம் ஒரு பதினைந்து அங்குல மொனிட்டருக்கு முன்னால், கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே, ஏழு கிழமையில் கண்டடைந்தது.

அந்த மாபெரும் பணியில் கம்பியூட்டர் கிளாக்கர் றோலண்டுக்கும் ஒரு பங்கு உண்டு. எவ்வளவு பங்கு என்று கேட்டால் அவன் சொல்லமாட்டான். இயல்பிலேயே அவன் பேச்சில் சிக்கனக்காரன். தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றான நாலாம் நம்பர் லயத்தில் பிறந்து, அட்டனில் ஆறு மாதம் கம்பியூட்டர் படித்து, அந்த லயத்திலிருந்து தோட்டத்து ஒப்பீசுக்குள் சப்பாத்துக் காலோடு நுழைந்த முதல் ஆள். ஒரு வருடத் தகுதிகாண் காலத்தில் பத்து மாதம் முடிந்திருந்தது. இன்னும் இரண்டு மாதம் ஒரு பிழையும் வராமல் கழிந்தால் நிரந்தர நியமனக் கடிதம் வரும். கடிதத்தோடு ஒப்பீசுக்குக் கீழே, கல்லால் கட்டிய, இரண்டு அறைக் கோட்டர்ஸ். அதில் யார் எங்கே படுப்பது என்பதை அவன் ஏற்கனவே முடிவு செய்திருந்தான். உள்ளறை அக்கா தெரேசாவுக்கும் அவளுடைய இரண்டு பிள்ளைகளுக்கும், வெளியறை தனக்கு.

அவன் வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம் கழித்துத்தான், 2002ஆம் ஆண்டு தை மாதம், கொழும்புத் தலைமைக் காரியாலயம் கம்பியூட்டரை அனுப்பிவைத்தது. அதை வரவேற்பதில் தோட்டம் எந்தக் குறையும் வைக்கவில்லை. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக்காம்பராவின் பால்மா வைக்கும் அறை வெள்ளையடிக்கப்பட்டு அதற்கு ஒதுக்கப்பட்டது. பிள்ளைக்காம்பராவில் இருந்த கணப்பும் கூடவே வந்தது. பிள்ளைகள் இந்தக் குளிருக்குப் பிறந்தவர்கள். கம்பியூட்டர் ஊருக்குப் புதிது. நாலாம் நம்பர் லயத்துக் கூரைக்கென்று வந்திருந்த தகரங்கள் கம்பியூட்டர் அறைக்கு மேலே ஏறின. லயம் நூறு வருடமாக ஒழுகுகிறது, அதற்கு ஒழுகிப் பழக்கம். மொனிட்டருக்குப் பூப்போட்ட உறை தைக்கப்பட்டது. மௌஸை மட்டும் பெரிய கிளாக்கர் பாலச்சந்திரன் ஒவ்வொரு மாலையும் கழற்றி இரும்பு அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டு போவார். அது ஓடிவிடும் என்ற பயத்தால் அல்ல. ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறது.

சித்திரை மழை விட்ட மறுநாள், தப்பியோடிய கோழியைத் துரத்திக்கொண்டு லயத்துக்குப் பின்னால் ஏறிய தெரேசா, மண் வெடித்திருப்பதைக் கண்டாள். லயத்தின் பன்னிரண்டு வீட்டுக்கும் மேலாக, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, நாலு விரல் அகலம். இரண்டு பக்கமும் கவாத்துக் குச்சி நட்டு, அகலுகிறதா என்று பார்க்க, குச்சிகளில் சிவப்புத் துணி கட்டிவிட்டு வந்தாள். மூன்றாம் நாள் குச்சிகள் ஒன்றையொன்று விட்டு ஒரு சாண் தள்ளி நின்றன. அன்றே அவள் ஒப்பீசுக்கு முறைப்பாடு சொல்லி அனுப்பினாள்.

லொக்வுட் தோட்டத்தில் ஒரு காரியம் நடந்தது என்றால், அதைத் தோட்ட மேலாளரான தொரை பார்த்திருக்க வேண்டும். தொரையின் ஜீப், காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்துக்கு மேலே ஏறாது. ஆகவே பெரட்டுக் களத்துக்கு மேலே எதுவும் நடப்பதில்லை. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து மாறாத நடைமுறை இது. கம்பியூட்டர் வந்ததும்தான் இதற்கு ஒரு நவீனத் தீர்வு பிறந்தது: முறைப்பாட்டோடு படமும் வரவேண்டும், தொரை படத்தைத் திரையில் பார்ப்பார். வேலை மேற்பார்க்கும் கண்டாக்கு செல்லசாமி, நிர்வாகத்தின் புதிய கமெராவைக் கழுத்தில் தாலி மாதிரித் தொங்கவிட்டுக்கொண்டு மேலே ஏறி, ஒரே ஒரு படம் எடுத்துக்கொண்டு இறங்கினார்.

படத்தைத் திறக்கும்போது தொரையும், பெரிய கிளாக்கரும், கண்டாக்கும் நாற்காலிகளில் இருந்தார்கள். றோலண்டுக்கும் நாற்காலி இருந்தது. ஆனால் அதில் பூப்போட்ட உறை மடித்து வைக்கப்பட்டிருந்தது. அவன் நின்றுகொண்டே திறந்தான்.

படத்தின் கீழ்ப்பாதியில் மானாப்புல், சிவப்புத் துணி கட்டிய குச்சிகள், கோழி ஒன்று, குறுக்கே வெடிப்பு. மேல்பாதியில் வானம். பனிமூட்டம் மேலே வெளுத்துக் கீழே கறுத்து மெதுவாக மாறியிருக்க வேண்டிய வானம், திரையில் படிக்கட்டு மாதிரிப் பட்டை பட்டையாக இறங்கியது. பட்டைக்கும் பட்டைக்கும் நடுவில், கத்தியால் கீறிய மாதிரி ஒரு கோடு.

"என்னா கண்டாக்கு, இது வானமா?" என்றார் தொரை. "வானம் ஏன் படி படியா இருக்கு?"

"நேத்து நல்லாத்தாங்க இருந்துச்சு தொரை" என்றார் செல்லசாமி, தன்மேல் பழி வந்துவிடுமோ என்ற நடுக்கத்தில்.

பாலச்சந்திரன் மூக்குக்கண்ணாடியை உயர்த்தித் திரைக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்தார். அவர் யாழ்ப்பாணத்தார், முப்பது வருடமாக லொக்வுட்டின் கடிதக் கோவைகளைக் கட்டி ஆண்டவர், ஒரு நாளும் ஒரு கடிதத்தைப் பதிலில்லாமல் விட்டவரல்லர்.

"சேர், வானம் வெடிக்காது. உலகத்தில எங்கையும் வெடிச்சதாத் தகவல் இல்லை. ஆனா இந்தப் படத்தில வானம் வெடிச்சுக் கிடக்கு. ஆகவே பெட்டி பொய் சொல்லுது. மேல பொய் சொல்லுற பெட்டி, கீழ மாத்திரம் உண்மை சொல்லுமோ?"

அந்த வாதத்தின் அழகில் தொரையும் கண்டாக்கும் தலையாட்டினார்கள்.

"ஐயா" என்றான் றோலண்ட். "வானத்துல இருக்கிறது கலர் பத்தாமங்க. இருநூத்தம்பத்தாறு கலர்ல வச்சிருக்கு. நெறம் கொஞ்சங் கொஞ்சமா மாறுற எடத்துல அது பத்தாது, அதான் பட்ட விழுது. கலரக் கூட்டி வச்சா போயிரும். ஆனா கீழ இருக்க வெடிப்பு நெசங்க."

"நீர் எப்பிடிச் சொல்லுறீர்?"

"நான் அந்த லயத்துலதாங்க இருக்கேன். காலைல தண்ணிப் பீலிக்கு மொகங் கழுவப் போறப்ப அதத் தாண்டித்தான் போறேன்."

பாலச்சந்திரன் அவனைப் பரிவோடு பார்த்தார். "தம்பி, அது உம்முடைய தனிப்பட்ட அனுபவம். ஒப்பீசுக்குள்ள கொண்டு வரக்கூடாது."

றோலண்ட் மேலும் ஏதோ சொல்ல நினைத்தான். இரண்டு மாதம் என்பது அறுபது நாள் என்பதும் அதே சமயம் நினைவுக்கு வந்தது. பேசாமல் நின்றான். அவனுடைய மௌனம் கூட்டக் குறிப்பில் 'ஏகமனதாக' என்று பதியப்பட்டது.

நிறத்தைக் கூட்டுவது மூன்று சொடுக்கில் முடிகிற வேலை. ஆனால் தலைமைக் காரியாலயம் தந்த பொருளில், தலைமைக் காரியாலயம் தந்த அளவுக்கு மேல் நிறம் பாவிப்பது எந்தச் சுற்றுநிருபத்தின் கீழ் என்று பாலச்சந்திரன் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. அனுமதி கேட்டுக் கடிதம் போனது. பத்தாவது நாள் பதில் வந்தது: 'தங்கள் தோட்டத்தில் தற்போது புழக்கத்திலுள்ள நிறங்களின் எண்ணிக்கையையும், அவற்றில் பற்றாக்குறை ஏதுமிருப்பின் அதற்கான காரணத்தையும் உடன் அறியத்தரவும்.'

இப்படியொரு கேள்வியை நூற்றைம்பது வருடத்தில் எந்த நிர்வாகமும் ஒரு தோட்டத்தைப் பார்த்துக் கேட்டதில்லை. லொக்வுட் சளைக்கவில்லை. மறுநாள் பெரட்டில் கண்டாக்கு செல்லசாமி வழக்கம்போல் வேலை பிரித்தார். "முப்பது ஆள் கொழுந்துக்கு. பத்து ஆள் தண்ணிக் கான் வெட்ட. மீனம்மா, அழகன், நீங்க ரெண்டு பேரும் கலர் எண்ணப் போங்க."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு.

"கலர் எண்ணவா?" என்றாள் மீனம்மா. "அதுக்கு முழுப்பேரா அரப்பேராங்க?"

"முழுப்பேருதான், முழுநாள் சம்பளம். அந்தி வரைக்கும் எண்ணணும்."

"அப்ப கொறைச்சு எண்ணக்கூடாது" என்று அழகன் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டான். "வாக்கா, தொரை பங்களாப் பூந்தோட்டத்துல ஆரம்பிப்போம். அங்கதான் வெளச்சல் நல்லாருக்கும்."

அந்தியில் கணக்கு வந்தது. கொழுந்துப் பச்சை, முற்றிய இலைப் பச்சை, பாசிப் பச்சை மூன்றையும் ஒன்றாகப் போடுவதா தனித்தனியாகப் போடுவதா என்று ஒரு மணி நேரம் வாதம் நடந்தது. தேயிலைத் தோட்டம் பச்சையில் சிக்கனம் காட்டினால் அவமானம் என்று தொரை தீர்ப்புச் சொன்ன பிறகு, மொத்தம் எழுபத்து மூன்று என்று முடிவாயிற்று.

"பாத்தீரே தம்பி?" என்றார் பாலச்சந்திரன் வெற்றியோடு. "எழுபத்து மூண்டுதான். இருநூற்று ஐம்பத்தாறில நூற்று எண்பத்து மூண்டு சும்மா கிடக்கு. இதுக்குள்ள நீர் இன்னும் கேக்கிறீர்."

"ஐயா, வானத்துக்கு மட்டுமே சாம்பலுல நூத்துக்கணக்கா வேணுங்க. மெல்ல மெல்ல மாறுதுல்ல."

"வானம் எங்கட நிருவாகத்துக்கு உட்பட்டதோ?"

ஆனால் பாலச்சந்திரன் நியாயமான மனிதர். வானத்தை 'விசேட காரணம்' என்ற தலைப்பின் கீழ் தனிப் பந்தியாகச் சேர்த்துக் கடிதத்தை அனுப்பினார்.

நிர்வாகம் இவ்வாறு மேலே பார்த்துக்கொண்டிருந்த நாட்களில் கீழேயும் சில முன்னேற்றங்கள் ஏற்பட்டன. முதலில் றோலண்ட் வெடிப்பைக் காலை அகட்டித் தாண்டினான். பிறகு பாய்ந்து தாண்டினான். வைகாசி நடுப்பகுதியில் தெரேசா அதன் மேலே ஒரு பலகை போட்டாள்.

ஒருநாள் கொழுந்து நிறுத்துவிட்டு, படங்குச் சாக்கு இடுப்பில் ஈரமாகத் தொங்க, அவள் நேராக ஒப்பீசு வாசலுக்கே வந்துவிட்டாள். உள்ளே வர அனுமதி இல்லாததால் ஜன்னலுக்கு வெளியே நின்று பேசினாள்.

"ஏன்டா தம்பி, அந்தப் பொட்டிக்குச் சொகமாயிருச்சா?"

"கடுதாசி போயிருக்குக்கா. பதில் வரணும்."

"பொட்டிக்குச் சொகமில்லைன்னா, கண்ணுக்குமா சொகமில்ல? நாலு எட்டு வச்சா வந்து பாத்துட்டுப் போயிரலாம். பெரட்டுக் களத்துல இருந்து எம்பிட்டுத் தூரம்? நான் முப்பது கிலோ கொழுந்தத் தூக்கிக்கிட்டு ஏறி எறங்குறேன். அவுங்க வெறுங்கையோட வந்தா போதும்."

"மொறைன்னு ஒண்ணு இருக்குல்லக்கா."

"இருக்கு, இருக்கு. பலகைக்குக் கீழ எட்டிப் பாரு. மொற எம்பிட்டு ஆழமா இருக்குன்னு தெரியும்."

அவன் குரலைத் தாழ்த்தினான். "இன்னும் ஒரு மாசம் பல்லக் கடிச்சுக்கிட்டு இரு. கோட்டர்சு கெடைச்சிரும். நீயும் பிள்ளைகளும் கீழ வந்துரலாம்."

தெரேசா மேலே லயத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "மத்தப் பதினோரு வீடும்?" என்றாள். அவன் விசைப்பலகையைத் துடைக்கத் தொடங்கினான். அது ஏற்கனவே சுத்தமாக இருந்தது.

வைகாசி கடைசியில் அந்த வரலாற்றுப் புகழ்மிக்க கடிதம் வந்து சேர்ந்தது. 'தோட்டத்தின் தரைப்பகுதிக்குத் தற்போதுள்ள நிறங்கள் போதுமானவை எனக் காணப்படுகிறது. எனினும் தாங்கள் காட்டிய விசேட காரணத்தைக் கருத்திற்கொண்டு, வானத்துக்கு மாத்திரம் மேலதிக நிறங்கள் இத்தால் அனுமதிக்கப்படுகின்றன.'

பாலச்சந்திரன் அன்று ஒன்பது மணிக்கே பதிலைத் தொலைநகலில் அனுப்பிவிட்டார்: 'அனுமதி கிடைத்த இன்றைய தினமே குறைபாடு நிவர்த்தி செய்யப்பட்டது. படத்தில் காணப்பட்ட கோடுகள் யாவும் நீங்கின.' பிறகு அலுமாரியைத் திறந்து மௌஸை எடுத்துக் கொடுத்து, "இப்ப நிவர்த்தி செய்யும்" என்றார்.

றோலண்ட் மூன்று முறை சொடுக்கினான். திரை ஒருதரம் கறுத்து மீண்டது. படத்தைத் திறந்தான்.

வானம் நிறைந்திருந்தது. ஒரு பட்டை இல்லை, ஒரு படி இல்லை. பனி எங்கே முடிகிறது, முகில் எங்கே தொடங்குகிறது என்று சொல்லமுடியாத ஒரே ஒழுக்கு. முப்பது வருடமாகப் பொகவந்தலாவை வானத்துக்குக் கீழே குடை பிடித்துக்கொண்டு நடந்த பாலச்சந்திரன், அதை முதன்முதலாகப் பார்ப்பவர் போல, "அருமையாக் கிடக்கு" என்றார். தொரை கைதட்டினார். கண்டாக்கும் தட்டினார்.

கைதட்டல் மெல்ல அடங்கியது. நிறம் கூடியது கீழ்ப்பாதிக்கும் சேர்த்துத்தான். முன்னே ஒரு பழுப்புக் கீறலாகத் தெரிந்த வெடிப்பு இப்போது உதடு விரித்துக் கிடந்தது. அதன் உள்ளே ஈர மண் தெரிந்தது. அறுந்த தேயிலை வேர்கள் தெரிந்தன. ஒரு பக்கத்தைவிட மறுபக்கம் அரை அடி இறங்கியிருப்பது தெரிந்தது.

நாலு பேரும் ஒரே நேரத்தில் ஒரே உண்மையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்னும் ஒரு நிமிடம் நீடித்திருந்தால் யாராவது ஒருவர் எழுந்து மேலே நடந்திருக்கவும் கூடும். பாலச்சந்திரன் சுதாரித்துக்கொண்டார்.

"தம்பி, நீர் அனுமதியை மீறிப்போட்டீர்."

"ஐயா?"

"வானத்துக்கு மாத்திரம் எண்டெல்லோ கிடக்கு. நிலத்துக்கு ஆர் உம்மைக் கூட்டச் சொன்னது?"

"அப்பிடிப் பிரிச்சுக் கூட்ட ஏலாதுங்க. கூட்டுனா எல்லாத்துக்கும்தான் கூடும்."

"அது மெசினின்ர வசதியீனம். எங்கட றிப்போட் போயிட்டுது. கோடுகள் யாவும் நீங்கின எண்டு எழுதியாச்சு. 'யாவும்' எண்டு எழுதினாப் பிறகு ஒரு கோடு நிண்டா, அது ஆரின்ர பிழை? ஒப்பீசின்ர பிழையில்லை. கம்பியூட்டர் கிளாக்கரின்ர பிழை."

தொரை எழுந்தார். போகிற வழியில் றோலண்டின் தோளில் லேசாகத் தட்டினார். "அடுத்த மாசம் உன்ட கடிதம் வருது, இல்லையா? நல்லா முடிச்சுக் குடு" என்று அன்பாகச் சொன்னார்.

அன்று பிற்பகல் முழுவதும் றோலண்ட் வேலை செய்தான். அட்டனில் ஆறு மாதம் கற்ற வித்தை அனைத்தையும் அந்த ஒரு முழத்தில் இறக்கினான். இடதுபக்கத்து மானாப்புல்லில் சிறிது சிறிதாக வெட்டி எடுத்து வெடிப்பின் மேல் ஒட்டினான். வேர்களை மூடினான். இறங்கிய பக்கத்தைத் தூக்கி நிறுத்தினான். அக்கா நட்ட குச்சிகளைப் பிடுங்கினான். சிவப்புத் துணி மட்டும் அழியாமல் ஓரத்தில் ஒரு புள்ளியாக நின்று தொல்லை கொடுத்தது, அதையும் பச்சையாக்கினான். கோழியை என்ன செய்வது என்று கேட்டான்.

"கோழி நிக்கட்டும்" என்றார் பாலச்சந்திரன். "கோழி மேயுற இடம் பயமில்லாத இடம் எண்டு பாக்கிற ஆக்களுக்கு விளங்கும்."

தலைமைக் காரியாலயம் படத்தைப் பார்த்து மகிழ்ந்தது. நிறத்தில் அச்சிட்டு இரண்டு பிரதி அனுப்பியது. ஒன்று ஒப்பீசுக் கோவைக்கு. மற்றது, தொழிலாளர் மத்தியில் நிலவும் வீண் பீதியைப் போக்கும் நோக்குடன், பெரட்டுக் களத்து அறிவித்தல் பலகையில் ஒட்டப்பட்டது. ஆட்கள் அதைச் சுற்றி நின்று பார்த்தார்கள்.

"மீனம்மா, இது நம்ம லயத்துப் பின்பக்கமா?" என்றான் அழகன்.

"ஆமாண்டா. நம்ம பலகைதான் காணோம். எவனோ தூக்கிட்டுப் போயிட்டான்."

"பலகையத் தூக்குனது சரி. குழியவுமா தூக்கிட்டுப் போவான்?"

சிரித்தார்கள். சிரிக்காத ஆள் ஒருவர் இருந்தார். லயத்தின் ஐந்தாம் வீடான ஐந்தாம் காம்பராவில் குடியிருந்த வீரய்யா. இரண்டு கண்ணிலும் பூ விழுந்து எட்டு வருடம். யாருமில்லாதவர். படத்தை அவர் பார்க்க முடியாது. வெடிப்பையும் பார்க்க முடியாது. ஆனால் நாலாம் நம்பர் லயத்துப் பையன் கம்பியூட்டர் ஓட்டுகிறான் என்ற செய்தியை, நோர்வூட் வரை போகிற பஸ்ஸில் எல்லோருக்கும் சொல்லிவைத்தவர் அவர்தான். அன்று அந்தியில் கோலைத் தட்டிக்கொண்டு றோலண்டின் வாசலுக்கு வந்தார்.

"தம்பி, பலகையில ஒட்டியிருக்கிறது நீ போட்ட படமாமே?"

"ஆமா மாமா."

"ஒங்கக்கா, இந்தா விழப்போகுது அந்தா விழப்போகுதுன்னு லயத்தையே கெளப்பிக்கிட்டு இருக்கா. எனக்கு ஒரு மண்ணுந் தெரியல. நீ படிச்ச பய. நீ சொல்லு. படத்துல வெடிப்பு இருக்கா?"

றோலண்ட் வாசற்படியைப் பார்த்தான். உள்ளே தெரேசா அடுப்பை ஊதுகிற சத்தம் நின்றுபோயிருந்தது. அவள் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

"படத்துல இல்ல மாமா" என்றான்.

அது முழு உண்மை. லொக்வுட் நிர்வாகத்தில் பயிற்சி பெற்ற ஒருவரால் மட்டுமே அவ்வளவு சுத்தமான உண்மையைச் சொல்லமுடியும். வீரய்யா நிம்மதியாகக் கோலைத் தட்டிக்கொண்டு போனார். தெரேசா அன்று அவனுக்குச் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஆனியில் மழை பிடித்தது. மூன்று நாள் விடாமல் கொட்டியது. ஞாயிற்றுக்கிழமை காலை, பலகை ஒரு பக்கம் வெடிப்புக்குள் இறங்கிக் கிடப்பதைக் கண்ட தெரேசா, யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. வீடு வீடாகத் தட்டினாள். "சட்டி பொட்டி வேணாம், பிள்ளைகளத் தூக்குங்க, பெரட்டுக் கொட்டகைக்கு நடங்க." நடந்தார்கள். கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு, கோழிகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு, பதினோரு வீடும் நடந்தன. ஐந்தாம் காம்பராக் கதவு மட்டும் உள்ளே தாழ் போட்டிருந்தது.

"மாமா, வாங்க!"

"போம்மா. இந்த மழையில எங்கிட்டு இழுக்குற என்னைய? றோலண்டு தம்பியே இல்லைன்னு சொல்லிருச்சு."

"அவன் படத்துல இல்லைன்னான். மண்ணுல இருக்கு மாமா!"

"படிச்ச பயலுக்குத் தெரியாததா ஒனக்குத் தெரிஞ்சிருச்சு?"

தெரேசா மழைக்குள் ஒப்பீசுக்கு ஓடினாள். தலைமைக் காரியாலயம் அந்தப் படத்தை அடுத்த வருடக் கலண்டருக்குக் கேட்டிருந்தது; அதற்காக ஞாயிற்றுக்கிழமையும் றோலண்டை வரச்சொல்லியிருந்தார்கள். உள்ளே கணப்பு எரிந்தது. தகரக் கூரையில் மழை இரைந்தது. ஒரு சொட்டு ஒழுகவில்லை. அவள் ஜன்னலைத் தட்டினாள்.

"வாடா தம்பி. வீரய்யா மாமா வரமாட்டேங்குறாரு. நீ வந்து ஒரே ஒரு வார்த்த சொல்லு. ஒன் பேச்சத்தான் கேப்பாரு."

"தொரை உள்ள இருக்காருக்கா" என்றான் றோலண்ட் மெதுவாக. "அர மணித்தியாலம். முடிச்சுட்டு வந்துர்றேன்."

"என்னா சொல்லணும்னாவது சொல்லி அனுப்பு. வெடிப்பு இருக்குன்னு சொல்லச் சொன்னான்னு சொல்லவா?"

உள்ளறையில் தொரை இருமினார். றோலண்ட் திரும்பிப் பார்த்தான். மறுபடி ஜன்னலுக்குத் திரும்பியபோது அவள் அங்கே இல்லை.

பதினொரு மணிக்குச் சற்று முன்னால், யாரோ மேலே நூறு வண்டிக் கல்லைக் கொட்டியது போல ஒரு சத்தம் கேட்டது. மொனிட்டர் ஒருதரம் ஆடி நின்றது. தெரேசா அந்நேரம் லயத்துக்குப் போகிற ஏற்றத்தின் பாதியில் இருந்தாள். மிச்சப் பாதியும் அவளுக்கு முன்னால் இறங்கிப் போனதால், ஏறவேண்டிய தேவை இல்லாமல் போயிற்று.

இரண்டு நாள் தோண்டினார்கள். ஐந்தாம் காம்பராவும் அகப்படவில்லை, வீரய்யாவும் அகப்படவில்லை. மூன்றாம் நாள் கண்டாக்கு செல்லசாமி கமெராவோடு போனார். இந்த முறை அவரோடு தொரையும் பெரட்டுக் களத்தைத் தாண்டி ஏறினார். நூற்றைம்பது வருடத்து நடைமுறை ஒன்று அன்று மாறியது என்பதையும், தொழிலாளர் நலனில் நிர்வாகம் காட்டும் அக்கறைக்கு இது சான்று என்பதையும் அறிக்கை குறிப்பிடத் தவறவில்லை.

படத்தை றோலண்ட் திறந்தான். லயம் இருந்த இடம், கான் இருந்த இடம், பீலிக்குப் போகும் வழி எல்லாம் ஒன்றாகி, திரையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை வழுவழுவென்று ஒரே மண்நிறம். அவ்வளவு நிறங்களுக்கும் அங்கே வேலையே இருக்கவில்லை. பாலச்சந்திரன் வெகுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மீண்டும் போட்டுக்கொண்டு, "ஒரு கோடும் இல்லை" என்று முணுமுணுத்தார். வேறு எதையாவது சொல்ல அவர் விரும்பியிருக்கலாம். முப்பது வருடப் பழக்கத்தில் அதுதான் வந்தது. பிறகு அதையே அறிக்கையிலும் எழுதினார்.

நியமனக் கடிதம் அந்தக் கிழமையே வந்தது. படக்குறைபாடுகளை நீக்குவதில் காட்டிய விசேட திறமைக்காக ஒரு பாராட்டுப் பந்தியும் அதில் இருந்தது. கோட்டர்சின் சாவியைக் கடிதத்தோடு சேர்த்து மேசையில் வைத்துவிட்டு, றோலண்ட் அக்காவுக்கு ஆள் அனுப்பினான்.

தெரேசா வந்தாள். இந்த முறை ஜன்னலுக்கு வெளியே நிற்கவில்லை. சேற்றுக் காலோடு, கம்பியூட்டர் அறையின் நடுவிலே வந்து நின்றாள். யாரும் தடுக்கவில்லை. சாவியை அவள் பார்க்கவில்லை. மண்நிறமாக நிரம்பியிருந்த திரையைக் கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு, கடையில் சாமான் கேட்பவள் போலச் சாதாரணமாகக் கேட்டாள்.

"ஏன் தம்பி, இருந்த வெடிப்ப எடுக்கத் தெரிஞ்சுச்சுல்ல ஒனக்கு? இதுல வீரய்யா மாமாவ வச்சுக் குடு."